பிரிக்கிறவனுக்குக் கடைசி முறை

பெப்ரவரி 4

வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தையும் குறைக்கச் சொன்னார். உப்பு மலரின் பொறுப்பு; அது அன்றைக்கே குறைந்துவிட்டது. கோபத்துக்கு அவர் சொன்ன மருந்து, அன்றன்று நடந்ததை எழுதிவைப்பது. எழுதினால் பிறஷர் இறங்குமாம். இறங்காவிட்டால் குளிசை விழுங்க வேண்டும். குளிசைக்குப் பயந்து இந்த வயதில் எழுத்தாளனாகிறேன்.

முறைப்படி தொடங்குவோம். பெயர் தவநேசன். இந்த ஊரில் டேவ். ஊர் லார்க்ஃபீல்ட், அல்பேர்ட்டாவின் தெற்கில், மலைகளுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் புல்வெளியில், பாட்ஜர் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஊருக்கு ஒரேயொரு கார் கழுவும் நிலையம்; அது என்னுடையது. ஒரேயொரு தமிழ்க் குடும்பம், அதுவும் என்னுடையது. பிள்ளைகள் வன்கூவரில் வேலை. மலர் இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை.

இன்றைக்கு மூக்கு விறைத்து விழுகிற குளிர் அடித்திருக்க வேண்டும். ஆனால் மலைப்பக்கத்திலிருந்து சூடான காற்று வீசுகிறது. சனம் சேர்ட்டோடு திரிகிறது. பனி உருகி வீதியெல்லாம் சேறு. சேறு என்றால் எனக்கு வியாபாரம். பூமி சூடாகிறது என்று உலகமே கவலைப்பட, அதற்கு மனதுக்குள் நன்றி சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

ரொறொன்ரோ இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

பெப்ரவரி 11

நான் நகரசபை உறுப்பினன் என்பதை எழுத மறந்துவிட்டேன். மறப்பதற்குக் காரணம் உண்டு. போன தேர்தலில் ஓர் இடத்துக்கு ஒருவரும் நிற்கவில்லை. மேயர் ஜெரி தன் வாகனத்தைக் கழுவ வந்தபோது படிவத்தையும் கொண்டுவந்தார். நுரை போடுகிற நேரத்தில் கையெழுத்து வைத்தேன். போட்டியின்றித் தெரிவு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. மலர் அன்றைக்குப் பாயாசம் வைத்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

இன்றைய கூட்டத்தில் ஜெரி கேட்டார், ஆற்றுத்தண்ணீர் விஷயத்தை யார் பார்ப்பது என்று. எல்லோரும் தத்தம் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். பிறகு ஜெரியே சொன்னார்: "டேவுக்குத்தான் தண்ணீரைப் பற்றித் தெரியும். தொழிலே அதுதானே." எல்லோரும் கைதட்டினார்கள். கோழிக்குக் காவல் நரி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இங்கே அதற்குக் கைதட்டுகிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது. மாரியில் மட்டும் ஓடும், மற்ற நாட்களில் அதற்குள் மாடு மேயும். மற்றதெல்லாம் கிணறுதான். ஆறில்லாத ஊர்க்காரனிடம் ஓர் ஆற்றைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெப்ரவரி 12

பொறுப்பேற்றுக்கொண்டவன் என்ற முறையில் ஆற்றைப் போய்ப் பார்த்தேன். அது என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 6

மாகாணத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மலையில் கிடக்கும் பனிதான் எங்கள் ஆறு என்பதைப் படம் போட்டுக் காட்டினார். குளிர்காலம் முழுக்க மலை பனியைச் சேர்த்துவைக்கும்; கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி எங்களுக்கு அனுப்பும். இப்போது காலநிலை சூடாகிவிட்டதால் பனி விழ வேண்டிய நாளில் மழை விழுகிறது, விழுந்த பனியும் வசந்தத்துக்கு முன்பே ஓடிவிடுகிறது. தண்ணீர் தேவைப்படுகிற ஆடி ஆவணியில் ஆறு வெறும் கல்லாக இருக்கும். இந்த வருடம் மட்டுமல்ல. இனி அடிக்கடி.

அடுத்தது சட்டம். இங்கே ஆற்றுத்தண்ணீர் முதலில் வந்தவனுக்கு முதலில். விவசாயம் செய்யும் கமக்காரர்களின் பாசனச் சங்கம் பாட்டன் காலத்தில் வாய்க்கால் வெட்டி உரிமை எடுத்தது. எங்கள் நகரசபை வெகுகாலம் கழித்துத்தான் விண்ணப்பித்தது. பந்திக்கு முந்து என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு இறங்கினால் சங்கம் தன் பங்கு முழுவதையும் எடுக்கலாம், எஞ்சினால்தான் எங்களுக்கு. எஞ்சாவிட்டால் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும்.

"சங்கத்தோடு பேசி, வறண்ட வருடங்களில் பங்கிட்டுக்கொள்வதாக ஓர் உடன்பாடு செய்யுங்கள்" என்றார் அதிகாரி. "அவர்கள் சம்மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டுப் பாருங்கள்."

அதாவது, போய்க் கெஞ்சு. வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் கரட் அரிந்துகொண்டிருந்தாள்.

"தண்ணி வராட்டி இல்லத்திலை இருக்கிற கிழடுகளை என்ன செய்யிறது? வேறை ஊருக்கு ஏத்துவாங்களோ?"

"அப்பிடி நடக்காது. நான் இருக்கிறன்தானே."

"அதுதான் யோசிக்கிறன்" என்றாள்.

மார்ச் 21

பாசனச் சங்கத்தின் தலைவி ஹில்டாவைச் சந்தித்த நாள். ஐஸ் தரையில் கல் தள்ளி விளையாடும் கேர்லிங் மண்டபத்துப் பின்னறையில் கூட்டம். ஹில்டா உயரமான பெண். தோல் முழுக்க வெயில். சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, மேல்தோலான கோதை ஒரு கடதாசிக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டே கேட்கிறார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அந்தக் குரலுக்கு அதுதான் பொருந்துகிறது.

"உங்கடை ஊருக்குத் தண்ணி விடாமல் இருக்கிறதுக்குச் சட்டம் எனக்கு இடம் குடுக்குது" என்றார். "விடுறதுக்கு என்ன காரணம் எண்டு நீர் சொல்லும்."

ஜெரி தயாரித்துத் தந்த பக்கங்கள் கையில் இருந்தன. வாசிக்கும் கண்ணாடி காரில் இருந்தது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்தது போலத் தெரிந்தது. எழுந்து போய் எடுத்துவரலாம். ஆனால் பத்துக் கமக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மானம் விடவில்லை. கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான பங்குக் கிணறு. ஒருநாள் அவர்கள் இறைப்பு, மறுநாள் எங்கள் இறைப்பு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அந்தத் தண்ணீர்தான். கோடை கடுமையானால் முறையைக் குறைத்துப் பிரிப்பார்கள். "எங்கள் ஊரில் ஒரு நியாயம் உண்டு" என்றேன். "தண்ணீரைப் பிரிக்கிறவனுக்குக் கடைசி முறை. அவன் தன் பங்கைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் பிரிக்கிறவன் ஒருநாளும் கள்ளம் செய்ய மாட்டான். தலைமுறை தலைமுறையாக ஒரு சண்டை வந்ததில்லை."

கண்ணாடி இல்லாமலேயே நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பின்வரிசையில் ஒரு கமக்காரர் தலையாட்டினார்.

ஹில்டா ஒரு கோதைத் துப்பினார். "நல்ல நியாயம். அப்ப நீரே பிரியும்."

"என்ன?"

"நீர்தான் பிரிக்கிற ஆள். ஆறு இறங்கினா ஆருக்கு எவ்வளவு எண்டு எழுதிக்கொண்டு வாரும். உங்கடை ஊர் கடைசியா எடுக்கட்டும். யூன் கூட்டத்திலை எங்கடை ஆக்கள் கை உயர்த்துவினம்."

உடன்பாடு கேட்கப் போனவன், கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது மழைக்குக் கத்துகிறது.

மலரிடம், கூட்டம் நன்றாக நடந்தது என்றேன். கிணற்றைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை. தேவையில்லாத விபரம்.

அந்தக் கிணற்றடியை நினைத்தால் ஒரு சத்தம்தான் முதலில் வருகிறது. விடிய முதல் எழும்புகிறவன் வேலிக்கு மேலால் கத்துவான்: "இண்டைக்கு ஆரின்ரை முறை?" மறுபக்கத்திலிருந்து பெரியப்பாவின் மகன் குலா அண்ணை கத்துவார்: "உன்ரை முறையடா, எழும்பு!" அவருடைய முறையாக இருந்தாலும் அப்படித்தான் கத்துவார்.

அது பழைய கதை.

மார்ச் 22

ரொறொன்ரோ இலக்கம் மறுபடியும். கை ஈரமில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

பங்கு பிரிக்கிற வேலை நடக்கிறது. மேசையெல்லாம் கடதாசி. மலர் சாப்பாட்டுத் தட்டை என் மடியில் வைக்கிறாள்.

ஆறு இறங்கும் அளவுக்கு எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைப்பது என்று எழுதினேன். நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஊருக்குள் யார் எதைக் குறைப்பது என்று எழுதினேன். புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது. நீச்சல் தடாகம் நிரப்பக்கூடாது. வீட்டு வாசலில் கார் கழுவக்கூடாது. இதை எழுதும்போது பேனை கொஞ்சம் நின்றது. பிறகு ஒரு வரி சேர்த்தேன்: தொழில்முறை நிலையங்களில் வாகனம் கழுவுவதற்கு விலக்கு உண்டு.

இதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. வாசலில் கழுவினால் தண்ணீர் வீணாகும். என்னிடம் அழுத்தக் குழாய் இருக்கிறது, குறைவாகவே போகும். தூசி கண்ணாடியை மறைத்தால் விபத்து நடக்கும். தூசியால் இருமல் வரும். ஆக, இது ஒரு பொதுச் சுகாதாரச் சேவை. இதையெல்லாம் சபைக்கு விளக்க ஆயத்தமாகப் போனேன். அந்த வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறியது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மே 8

மலையில் பனி போய்விட்டது. சாதாரணமாக இந்த நாளில் ஆறு பெருகி, கரையில் நிற்கும் மரங்களின் காலை நனைக்கும். இப்போது நடுவில் ஒரு மணல்மேடு தெரிகிறது. அதில் ஒரு வாத்து ஏறி நின்று, ஏதோ சபையில் பேசுவது போலக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வாத்தை நன்றாக விளங்கியது.

சபை நீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தது. ஊரெங்கும் புல் மஞ்சளாகிறது. பக்கத்து ஊர்களில் கார் கழுவும் நிலையங்களை மூடிவிட்டார்களாம். அதனால் அங்கிருந்தெல்லாம் எனக்கு ஆட்கள் வருகிறார்கள். வறட்சி என்றால் தூசி, தூசி என்றால் வரிசை. இப்படி ஒரு வியாபாரத்தை நான் கனவிலும் கண்டதில்லை.

மனம் நிறைந்திருக்க வேண்டும். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வாய்வாக இருக்கும்.

மே 20

பிறஷர் கூடியிருக்கிறதாம். எழுதியும் இறங்கவில்லை. வைத்தியர் கேட்டார், "எல்லாவற்றையும் எழுதுகிறீரா?" இது என்ன கேள்வி.

யூன் 3

ஹில்டா வந்தார். அவருடைய பிக்கப் வண்டியின் நிறமே தெரியவில்லை, அவ்வளவு தூசி. வரிசையில் நின்றார். முன்னால் பக்கத்து ஊர் லொறி ஒன்று. அதற்கு முன்னால் ஒரு படகு. ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் படகைக் கழுவுகிறார்கள்.

எனக்கு மகிழ்ச்சி. சங்கத் தலைவியே வாடிக்கையாளர் என்றால் உறவு வலுப்படும் அல்லவா. ஓடிப்போய் கண்ணாடியைத் தட்டி, "உங்களுக்கு இலவசம்" என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. கழுவுகிற இடத்தையும், சாய்வாக வடிகாலுக்குள் ஓடுகிற தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தார். விதையை மென்றார். பிறகு வரிசையிலிருந்து வண்டியை மெதுவாக வெளியே எடுத்து, அதே தூசியோடு போய்விட்டார்.

அவசர வேலை வந்திருக்கும்.

மாலையில் ஜெரி சொன்னார், சங்கத்து ஆட்கள் சிலர் கை உயர்த்த மாட்டார்களாம். "கிழங்கு வயலில் பாதியைக் காயவிட்டிருக்கிறோம், ஊருக்குள் படகு குளிக்கிறது" என்று யாரோ சொன்னாராம். யார் படகு, எங்கே குளித்தது என்று ஜெரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல நண்பர்கள் நாங்கள்.

யூன் 11

ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயின் வாய் வெளியே தெரிகிறது. சபை ஆட்கள் அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கிக் குளம் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது பயந்துவிட்டேன். இந்த மாதம் உடன்பாடு நிறைவேறாவிட்டால், சங்கம் தன் மதகைத் திறக்கிற நாளில் இந்தக் குளமும் இருக்காது.

முதியோர் இல்லத்தில் குளிப்பைக் குறைத்துவிட்டார்களாம். ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். மலர் வேலை முடிந்து நிலையத்தைக் கடந்து நடந்துவந்தாள். நான் அப்போது குதிரை ஏற்றிப்போகும் வண்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன், உள்ளே குதிரை இல்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டோடு எனக்கு ஒரு கிளாஸில் தண்ணீர் வைத்தாள். அடியில் ஒரு வாய்.

"என்னப்பா இது, இவ்வளவுதானோ?"

"தொழில்முறை விலக்கு உங்களுக்குத்தானே இருக்கு. அங்கை போய்க் குடியுங்கோ."

அவள் அந்த வரியை வாசித்திருக்கிறாள். ஊரில் அதை வாசித்த ஒரே ஆள்.

"குலா அண்ணை ரொறொன்ரோவிலையிருந்து திருப்பியும் போன் எடுத்தவர்" என்றாள் பிறகு. "உங்களோடை கதைக்கோணுமாம். என்ன விசயம் எண்டு என்னட்டைச் சொல்லமாட்டாராம்."

"வேறை என்ன, ஊர்க் காணியிலை பங்கு கேட்டுத்தான் எடுப்பார்."

"உலகத்துக்கெல்லாம் பங்கு பிரிக்கிற ஆள்" என்றாள் மலர். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்குத்தான் உபதேசம். மிச்சத்தை எழுத விருப்பமில்லை.

யூன் 18

எழுதியே ஆக வேண்டிய நாள்.

கேர்லிங் மண்டபத்தில் சங்கத்தின் முழுக் கூட்டம். இப்போது அங்கே ஐஸ் இல்லை, வெறும் சீமெந்துத் தரை. கமக்காரர் எல்லோரும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பிட மலர் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். மண்டபத்துச் சமையலறையில் நின்று, யன்னலால் தட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் கண்ணாடியை மறக்கவில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

உடன்பாட்டை வாசித்தேன். ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் அன்றைக்குத் தலையாட்டிய அதே கமக்காரர் எழும்பினார்.

"உம்மடை ஊர்க் கிணறு" என்றார். "இப்பவும் அப்பிடித்தான் நடக்குதோ? பிரிக்கிறவனுக்குக் கடைசி?"

"ஆம்" என்று சொல்ல வாய் திறந்தேன். சமையலறை யன்னலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மலர்" என்றேன்.

"அவவைச் சொல்ல விடும்" என்றார் ஹில்டா.

மலருக்கு ஆங்கிலத்தில் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளும் எங்கள் ஊரில், அதே ஒழுங்கையில் பிறந்தவள்தான். சின்னச் சின்ன வசனமாகச் சொன்னாள்.

"அது பங்குக் கிணறுதான். முதல் நல்லாத்தான் நடந்தது. பேந்து இவரின்ரை அப்பா ஊரிலை முதல் ஆளா இறைப்பு மெசின் வாங்கினவர். தன்ரை முறை முடிஞ்சும் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். கொஞ்சம்தானே எண்டு சொல்லுவார். பெரியப்பா அதைவிடப் பெரிய மெசின் வாங்கினார். பேந்து கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை வழக்கு. அண்ணனும் தம்பியும் செத்தவீட்டிலைகூடக் கதைக்கேல்லை. கடைசியிலை இவரின்ரை அப்பா வழக்கிலை வெண்டார். தீர்ப்பு வந்த அண்டைக்கு வெடி கொளுத்தினவை."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தப் போகம் வெங்காயத்தாள் நுனியெல்லாம் கருகிப்போச்சு. ரெண்டு மெசினும் இறைச்ச இறைப்பிலை அடியிலை இருந்த உப்புத்தண்ணி மேலை வந்திட்டுது. கிணறு உவராப் போச்சு. பேந்து அது ஆட்டுக்கும் உதவேல்லை."

விதை மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. இந்த மனிதர்களுக்கு உப்பு ஏறிய மண் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"அப்ப, பிரிக்கிறவனுக்குக் கடைசி எண்ட நியாயம்?" ஹில்டா கேட்டார்.

"அது இவரின்ரை சொந்தச் சரக்கு" என்றாள் மலர்.

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், முகம் ஒத்துழைக்கவில்லை. ஓடிப்போய் காருக்குள் இருக்கலாமா என்று யோசித்தேன். வெட்கத்தில் காது கொதித்தது. அதோடு என் தகப்பனை நினைத்துத் துக்கமாகவும் இருந்தது. கொஞ்சம்தானே என்று அவர் சொல்வது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதே தொனியில்தான் நான் அந்த விலக்கு வரியை எழுதினேன்.

ஹில்டா கோப்பையை மேசையில் வைத்தார். "சரக்கு நல்ல சரக்கு. பொய் எண்டாலும் வைச்சிருப்பம். ஆனால் சொன்னவர் முதல் செய்து காட்டட்டும்."

படகைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சொல்லாததால் பிடிக்க ஒன்றுமில்லை.

எழும்பினேன். நான்கு பக்கப் பேச்சு தயாராக இருந்தது. கண்ணாடியும் கழுத்தில் தொங்கியது. "நாளையிலிருந்து என் நிலையத்தைப் பூட்டுகிறேன்" என்றேன். "ஆறு இறங்குகிற ஒவ்வொரு வருடமும் முதலில் பூட்டுவது அதுதான். கடைசியாகத் திறப்பதும் அதுதான். அதை உடன்பாட்டிலேயே எழுதுங்கள், பிறகு நான் மறந்துவிடுவேன்."

கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் அல்ல. ஆனால் போதுமான கைகள். தொப்பியைக் கழற்றியவர் இரண்டு கையையும் உயர்த்தினார், எண்ணுவதற்கு வந்திருந்த மேயர் ஜெரி அதை ஒன்றாகத்தான் எண்ணினார்.

ரோல்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யூன் 19

பூட்டினேன். வாசலில் போர்டு போட்டேன். ஒரு படகுக்காரர் வந்து ஹோர்ன் அடித்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

யூலை 14

வியாபாரம் இல்லாதவனுக்கு நேரம் அதிகம். முதியோர் இல்லத்தில் பாத்திரம் துடைக்கிறேன். மலர்தான் மேலதிகாரி. சபையைவிட அங்கே ஒழுங்கு கடுமை.

ஆறு ஒடுங்கிவிட்டது. ஆனால் சங்கம் தன் மதகைச் சொன்ன அளவுக்கு இறக்கியிருக்கிறது. மணல் மூட்டைக்குள் தண்ணீர் நிற்கிறது. குழாயில் மெலிதாக வருகிறது, ஆனால் வருகிறது. ஹில்டாவின் கிழங்கு வயலைப் பார்த்தேன். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சருகு. அவர் அதைக் காட்டிப் பெருமைப்படவும் இல்லை, அழவும் இல்லை. "வாற வருசமும் இப்பிடித்தான் இருக்கும்" என்றார். "நீர் பழகிக்கொள்ளும்."

இப்போது ஊரில் அழுக்கு வண்டிதான் மரியாதை. மேயரின் காரில் யாரோ விரலால் மீசை வைத்த முகம் கீறியிருக்கிறார்கள், அவர் அழிக்காமல் ஓட்டுகிறார். ஒரு வண்டி பளபளப்பாகப் போனால் எல்லோரும் திரும்பி முறைக்கிறார்கள். தொழிலில் இருந்த ஒருவனுக்கு இதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நேற்று என் பிக்கப்பின் பின்கதவில் யாரோ "நன்றி டேவ்" என்று தூசியில் எழுதியிருந்தார்கள். கண் கலங்கிவிட்டது. தூசிதான். ஆனால் தூசி மட்டும் அல்ல.

ஓகஸ்ட் 23

நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் மழை. "நன்றி டேவ்" கழுவப்பட்டுப் போயிற்று. இலவசமாகக் கழுவுகிறவனோடு போட்டி போட முடியாது.

மத்தியானம் மலர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் தொலைபேசியையும் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் எனக்குப் பயம்.

ரொறொன்ரோ இலக்கத்தை அழுத்தினேன். கை ஈரமாக இருந்தது. இந்த முறை வேர்வை.

"அண்ணை, நான் தவம்."

வேலிக்கு மேலால் கத்திய அதே குரல், கிழண்டு போன அதே குரல்.

"எந்தத் தவம்? கார் கழுவுற தவமோ, தண்ணி பிரிக்கிற தவமோ?"

மலர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். யன்னலால் வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பங்கு விசயமெண்டா அண்ணை, எல்லாத்தையும் நீங்களே எடுங்கோ. எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றேன். இதைச் சொல்ல இத்தனை வருடம் எடுத்திருக்கிறேன்.

"ஆரடா பங்கு கேட்டது? நான் தையிலை ஊருக்குப் போனனான். அதைச் சொல்லத்தான் அண்டையிலிருந்து எடுக்கிறன், நீ போனைத் தூக்கினால்தானே. வளவெல்லாம் பத்தை. வெட்டிக்கொண்டு கிணத்தடிக்குப் போனன். ஒரு வாளி அள்ளி வாயிலை வைச்சுப் பாத்தன்."

நிறுத்திவிட்டார்.

"நல்ல தண்ணியடா, தவம்."

"உவர்?"

"அது போயிட்டுது. யுத்தத்துக்கு இடம்பெயர்ந்த நாளிலையிருந்து ஒருத்தரும் இறைக்கேல்லைத்தானே. நீயும் இல்லை, நானும் இல்லை, மெசினும் இல்லை. மழை பெய்து பெய்து அது தன்ரை பாட்டிலை மாறிப்போச்சு. தேத்தண்ணி வைச்சுக் குடிச்சனான். அம்மா வைச்ச மாதிரி."

அப்பாவும் பெரியப்பாவும் மெசினை ஒரு நாள் நிறுத்தியிருந்தால் போதும் என்று தோன்றியது. போதாதுதான். ஆனால் தோன்றியது.

"வாற தைக்கு ரெண்டு பேரும் போவம்" என்றார். "கிணத்தைத் துப்புரவாக்க வேணும். கயிறும் வாளியும் மட்டும். மெசின் வேண்டாம்."

"ஓம் அண்ணை."

"அப்ப சொல்லு. ஆரின்ரை முறை?"

"உங்கடை முறை அண்ணை."

"உங்கை ஏதோ புதுச் சட்டமாம், பிரிக்கிறவனுக்குக் கடைசி எண்டு. மலர் சொன்னவள்."

"அது சும்மா நான் சொன்ன கதை."

"கதையோ சட்டமோ, நான் பிரிக்கிறன்" என்றார் குலா அண்ணை. "நீ முதல் அள்ளடா."

எவ்வளவு நேரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று தெரியவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. மலர் பிறஷர் மெசினைக் கொண்டுவந்து கையில் கட்டினாள். கூடித்தான் இருந்தது.

"இதுக்குக் குளிசை தேவையில்லை" என்றாள்.